கூழ்ப் பந்தலுக்குள் புகுந்த ஃபியட்

பழைய காரைக் கண்டால் என் கால் தானாக நின்றுவிடும். பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன், ஆபீஸில் திட்டு வாங்கியிருக்கிறேன், இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. வானகரத்தில் பஞ்சர் கடைக்குப் பின்னால் ஒரு கான்டெஸா, திருமழிசையில் கோழிகள் குடியிருக்கும் ஒரு அம்பாசடர். என் போனில் சொந்தக்காரர்கள் படங்களைவிட இவர்கள் படங்கள்தான் அதிகம். யார் ஆசைப்பட்டு வாங்கியது? கடைசியாக யாரைக் கொண்டுபோய் விட்டது? ஏன் இங்கேயே நின்றுவிட்டது? கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். (மீதியை நானே இட்டுக்கட்டிக்கொள்வேன்.)

அன்று ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. அம்பத்தூரில் சித்தி வீட்டுத் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். அம்மா தூக்குச்சட்டியோடு பந்தலில் வரிசையில் நிற்க, நான் தெருவின் மறுகோடிக்கு நழுவினேன். அங்கே ஒரு நீலத் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து வட்டமான ஹெட்லைட் ஒன்று எட்டிப் பார்த்தது.

தார்ப்பாயைத் தூக்கினேன். பழைய ஃபியட். பால்கோவா நிறம். டாஷ்போர்டில் மாதா சொரூபம், கண்ணாடியில் ஜெபமாலை. டயரில் காற்றுகூட இருந்தது. ஓடாத வண்டிக்கு யார் காற்றடிக்கிறார்கள்? எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. முன்னால், பின்னால், பக்கவாட்டில் எல்லாம் படம் எடுத்தேன். நம்பர் பிளேட்டையும் எடுத்தேன்.

அதோடு என் கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை வேறு தொங்கியது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே எங்கள் குடும்பத்தின் முதல் ஆபீஸ் அட்டையும் என்னுடையதுதான். ஞாயிற்றுக்கிழமையும் கழற்ற மாட்டேன். (தூங்கும்போது கழற்றுவேன். நாடா கழுத்தை இறுக்கும்.)

மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "ரீட்டாக்கா, கார்ப்பரேஷன்லேர்ந்து வந்துகீறாங்க. உங்கூட்டு வண்டியத் தூக்கப் போறாங்க."

தெருவில் ஓடாமல் கிடக்கும் வண்டிகளை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. ரீட்டா அக்கா கையில் கரண்டியோடு வெளியே வந்தார். "தூக்கட்டும். கொசுவுக்கு ஊடு கட்டி உட்டுகீறாரு இந்த மனுசன்."

அந்த மனுசன், அவர் கணவர் அந்தோணி அண்ணன், முகத்தில் பாதி சவர நுரையோடு ஓடிவந்தார். "மேடம், இது ஓடுற வண்டி மேடம்."

மேடம். எங்கள் குடும்பத்தில் யாரையும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கொஞ்ச நேரம் அதை அனுபவித்தேன். பிறகுதான், "நான் ஆபீசர் இல்லீங்க, சும்மா பாக்க வந்தேன்" என்றேன்.

"எல்லாரும் மொதல்ல சும்மாதான் பாக்க வருவாங்க" என்றார் ரீட்டா அக்கா.

"இவளக் கண்ணாலம் கட்டி இட்டுகினு வந்ததே இந்த வண்டிலதான் மேடம். இதத் தூக்குனா என்னையும் சேத்துத் தூக்குங்க."

"ரெண்டையும் தூக்கட்டும்."

அவர் கண் கலங்கியிருந்தது. நான் அப்போதே போயிருக்க வேண்டும். ஆனால் கியர் கம்பி தரையில் இல்லாமல் ஸ்டீயரிங்கின் அருகிலேயே இருந்ததே. "ரிவர்ஸ் எப்படிங்க போடுவீங்க?" என்று கேட்டுவிட்டேன். சோதனை தொடங்கிவிட்டது என்று தெரு முடிவு செய்தது. அந்தோணி அண்ணன் கதவைத் திறந்தார். "நீங்களே உக்காந்து பாருங்க மேடம்."

உட்கார்ந்தேன். ஸ்டீயரிங் வளையல்போல மெலிசாக இருந்தது. நான் அதைத் தடவிக்கொண்டிருந்தபோது, அவர் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த செங்கற்களை எடுத்துவிட்டு, கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டார். "மாமே, ஒரு கை புடிங்க. வண்டி உருளுதுன்னு மேடம் பாக்கட்டும். ஒரு அடி போதும்."

ஒரு அடி போதவில்லை. ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் போட்டு அந்தக் கோடி மேடாகியிருந்தது. கோயில் பக்கம் பள்ளம். வண்டி எருமை நடக்கும் வேகத்தில் கிளம்பியது, நிற்கவில்லை.

அந்தோணி அண்ணன் ஜன்னலோரமாக ஓடிவந்தார். "ப்ரேக்க மிதிங்க மேடம்."

"எது ப்ரேக்?"

அவர் ஓடுவதை நிறுத்திவிட்டார். எந்தக் காரையும் அதன் ஹெட்லைட்டை வைத்தே சொல்லிவிடும் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கீழே மூன்று மிதிகள் இருந்தன. முதலில் மிதித்தது வேலை செய்யவில்லை. அடுத்து ஹாரனை அழுத்தினேன். அதுவும் செத்திருந்தது. வேகமில்லாததால் பந்தலில் நின்ற எல்லோருக்கும் விலக நேரம் இருந்தது. ஒரு பாட்டியம்மா என்னை முறைத்துக்கொண்டே நிதானமாக ஒதுங்கினார். கூழ் அண்டாவால்தான் ஒதுங்க முடியவில்லை. நடு மிதியை நான் கண்டுபிடித்து வண்டி நின்றபோது அண்டா பானெட்டின்மேல் கவிழ்ந்து, முன்கண்ணாடியில் கூழும் வெங்காயமும் மெல்ல வழிந்துகொண்டிருந்தன.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த அந்தோணி அண்ணன் கூழைப் பார்க்கவே இல்லை. "உருண்டுச்சா இல்லியா மேடம்? மேல சொல்லிடுங்க."

வரிசையை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். "மேடமா? இது எம் பொண்ணுங்க. இவளுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."

முதலில் சிரித்தது ரீட்டா அக்காதான். வண்டியைத் தூக்க யாரும் வரவில்லை என்று புரிந்ததும் அந்தோணி அண்ணன் அதற்குமேல் சிரித்தார், அப்படியே பானெட்டில் சாய்ந்து சட்டையெல்லாம் கூழாக்கிக்கொண்டார். வண்டியை மேட்டில் திரும்பத் தள்ளியவர்களில் நானும் ஒருத்தி. மதியம் முழுக்கப் புது அண்டாவில் கூழ் கிளறியது நான் ஒருத்திதான்.

அந்த ஃபியட் இன்னும் அங்கேயே நிற்கிறது. கூழ் வழிந்த அன்றைக்கு ரீட்டா அக்காவே தண்ணீர் ஊற்றிக் கழுவினார், அதற்குப் பிறகு அதைத் தூக்கச் சொல்வதில்லை.

ஒவ்வொரு ஆடியிலும் சித்தப்பா எனக்குப் போன் செய்கிறார். "பாப்பா, இந்த வருசம் நீ வரியா? ஒண்ணுமில்ல, பந்தல எந்தப் பக்கம் போடறதுன்னு கேக்குறாங்க."