ஆளுக்கு ஆறு செய்தி

நான் ஊர்க்காரர்களுக்கு மொபைல் ஆப் உருவாக்கக் கற்றுக்கொடுக்கக் கிளம்பியது சேவை மனப்பான்மையால் அல்ல. பேச ஆள் இல்லாததால்.

எட்டு வருடம் சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் தென்காசிக்குத் திரும்பியிருந்தேன். அம்மா மதுரையில் அக்காவோடு. கூட்டாளிகள் எல்லாம் வெளியூரில். சில நாள் நான் வாய் திறந்து பேசியதே பால்காரரிடம் "அரை லிட்டர்" என்பது மட்டும்தான். (ஒன்றல்ல, இரண்டு வார்த்தை என்று எண்ணி மகிழ்ந்திருக்கிறேன்.)

ஆகவே வீட்டு முன்னறையில் ஞாயிறுதோறும் இலவச வகுப்பு. கோடிங் எழுத வேண்டாம். திரையில் வண்ணக் கட்டைகளை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் ஆப் தயார். ஓய்வுபெற்ற ஏட்டு சுடலைமுத்து அண்ணாச்சி, தையல்கடை ராணியக்கா, ராணியக்காவின் தெருக்காரர்கள் மூவர் என்று ஐந்து பேர் பெயர் கொடுத்தார்கள். நான் பத்து நாற்காலி வாடகைக்கு எடுத்தேன். (ஆசை யாரை விட்டது!)

முதல் வகுப்பன்று காலையில் சாரல் பிடித்தது. சீசனின் முதல் சாரல். மெயினருவியில் தண்ணீர் விழுகிறது என்று தெரிந்தால் எங்கள் ஊரில் பாதிப்பேர் தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு குற்றாலத்தில் நிற்பார்கள். இங்கேயே பிறந்த எனக்கு அது மறந்துபோயிருந்தது. பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, ஒருவரும் வரவில்லை.

அழுகை வரும்போலிருந்தது. அதை மறைக்க (யாரிடமிருந்து?) மாதிரி ஆப்பைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். பட்டனை அமுக்கினால் ஐந்து பேருக்கும் எஸ்.எம்.எஸ். போகும். என்ன செய்தி வைக்கலாம்? மனதில் இருந்ததையே தட்டினேன்: "ஒத்தைல இருக்கேன். யாராவது வாங்க." அமுக்கவா போகிறோம் என்ற தைரியம்தான்.

ஆனால் எட்டு வருட அனுபவஸ்தனான நான், அனுப்பும் கட்டையைப் பட்டனுக்குள் வைக்காமல், திரையில் கடிகாரம் ஓடுவதற்காக வைத்திருந்த டைமருக்குள் வைத்துவிட்டேன். பட்டன் என்றால் அமுக்கினால்தான் போகும், அதுவும் ஒரு தடவை. டைமர் என்றால் யாரும் தொடாமலே நொடிக்கு ஒரு தடவை. முப்பது செய்தி போனபிறகு போனே பயந்துபோய், "இந்த ஆப் நிறைய அனுப்புகிறதே, விடலாமா?" என்று கேட்டது. ஆளுக்கு ஆறு!

அரைமணி நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஐந்து பேரும் ஈரத்துண்டோடு இறங்கினார்கள்.

"ஏலே, கதவத் திறலே!" என்று கத்தினார் ஏட்டு. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வந்ததும் ஃபேனை அண்ணாந்து பார்த்தார், பிறகு என் கழுத்தைப் பார்த்தார். (போலீஸ் பழக்கம்.)

"என்னலே ஆச்சு ஒனக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சும்மா டெஸ்ட்டு."

"டெஸ்ட்டுக்கு எதுக்குலே ஆறு தடவ?"

"அருவிக்குள்ள தலைய நீட்டப் போறேன், பைக்குள்ள போன் கெடந்து கத்துது. எண்ணெகூட போகல பாருங்க தம்பி" என்றார் ராணியக்கா, துண்டைப் பிழிந்தபடி.

மானம் போனது போனதுதான். ஆனாலும் அவர்கள் ஈரத்தோடு நாற்காலிகளில் உட்கார்ந்தபோது, வெட்கத்தைவிட சந்தோஷம்தான் எனக்கு அதிகமாக இருந்தது. டைமருக்கும் பட்டனுக்கும் உள்ள வித்தியாசமே அன்றைய பாடம்.

ஏட்டு சொந்தமாகச் செய்த முதல் ஆப்பில் ஒரே ஒரு பட்டன். அமுக்கினால் அதே செய்தி எனக்கு வரும். வருடாவருடம் முதல் சாரலன்று தவறாமல் ஒன்று அனுப்புவார். மதுரையில் அம்மாவும் அக்காவும்கூட அதைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள்.

இப்போது வகுப்பு இல்லை. ராணியக்கா மகனோடு கோவைக்குப் போய்விட்டார். ஏட்டின் மனைவி போன தையில் தவறிவிட்டார். சென்ற வாரம், சாரலும் இல்லை, சீசனும் இல்லை, என் போன் அடித்தது. ஆறு செய்தி.

ஏட்டு வீட்டுக்கு ஓடினேன். முன்னறையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, டைமர்ல போட்டுட்டியளா?"

போனை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். கட்டை பட்டனுக்குள்தான் இருந்தது. ஆறு தடவையும் அவரே அமுக்கியிருக்கிறார்.