ஊழியக் கேள்வியும் கொட்டாவி அண்ணனும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்திரிகையில் எழுதுகிற அளவுக்கு நான் படித்தவள் இல்லை. ஓ.எல். பரீட்சை வரைதான். டிக்கோயாவில் பிளவுஸ் தைக்கிறேன். கை, கழுத்து, இடுப்பு என்று துண்டுக் காகிதத்தில் அளவு குறிப்பதுதான் இதுவரை என் எழுத்து. நாலு பேர் கூடி நின்றால் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போகிற சுபாவம் வேறு. ஆனாலும் இந்த மனிதரைப் பற்றி யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். அவரைத் தெரிந்தவர்கள் எழுத உட்கார்ந்தால், அவரை நினைத்ததுமே கொட்டாவி வந்து எழுந்துவிடுகிறார்கள். அதனால் நான்.

ஹட்டன் ரோட்டில் ஓட்டோ ஓட்டுகிற கொட்டாவி அண்ணனைப் போல வாயைத் திறந்தவர் இந்த மலைநாட்டில் இன்னும் பிறக்கவில்லை. பேசுவதற்குத் திறப்பதைச் சொல்லவில்லை. அவருக்குக் கொட்டாவி வந்தால் முதலில் கண் இரண்டும் காணாமல் போகும். பிறகு மூக்கு நெற்றிப் பக்கம் ஏறும். பிறகு வாய் திறக்கும், திறக்கும், திறந்துகொண்டே இருக்கும். நல்லதண்ணி ஊருக்குப் போகிற பஸ்ஸை உள்ளே விட்டுத் திருப்பி எடுக்கலாம் என்று ஸ்டாண்டில் சொல்வார்கள். கடைசியில் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டு ரயில் வந்துவிட்டது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடியவர்கள் உண்டு. அடையாள அட்டையில் அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. அந்தப் படத்திலும் வாய் திறந்துதான் இருக்கிறதாம்.

கொட்டாவி ஒட்டுகிற சமாசாரம் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடையது அம்மை மாதிரி ஒட்டும். சபைக்கு ஒழுங்காகப் போகிறவர் அவர். ஒரு ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவே பாஸ்டர் தெரியாத்தனமாக அவரைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு நரகத்தைப் பற்றிய பிரசங்கம். நரகத்துக்குப் போகிற வழியிலேயே ஆமென் சொல்லி முடித்துவிட்டார்கள். அதிலிருந்து அண்ணனுக்குத் தூணுக்குப் பின்னால் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சீசன் காலத்தில் சிவனொளிபாதமலை ஏற வந்தவர்களை அடிவாரத்து நல்லதண்ணிக்கு ஏற்றிப் போனார். போய்ச் சேர்ந்தபோது பின்சீட்டில் ஒருவரும் விழித்திருக்கவில்லை. அவர்கள் மலை ஏறவே இல்லை. வண்டியிலேயே தூங்கிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

வெறும் கொட்டாவி என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். அவரிடம் ஒரு கொள்கை இருந்தது.

"வாயால பேசுனா பொய் வரும் தங்கச்சி. கொட்டாவியில பொய் வராது. ஒருத்தருக்கு எது புடிக்கும்னு அவருகிட்டயே கேக்கக் கூடாது. பேச்சுக் குடுத்துக்கிட்டே வாயப் பாக்கணும். எதுக்குக் கொட்டாவி வரலையோ, அதுதான் அவருக்குன்னு உள்ளது."

இந்தக் கொள்கையை வைத்துக்கொண்டு அவர் ஊரில் செய்யாத வேலை இல்லை. வட்டவளையில் இருந்து பெண் பார்க்க வந்தவர்களை ஒருமுறை ஏற்றிப் போனார். மாப்பிள்ளை தன் மோட்டார் சைக்கிளைப் பற்றி விவரமாகச் சொல்லிக்கொண்டிருக்க, பெண் முந்தானையால் வாயை மூடினாள். வாசலில் நின்ற அண்ணன், "இது சரிவராதுங்க, வண்டியத் திருப்புறேன், ஏறுங்க" என்றாராம். தேத்தண்ணி இன்னும் வரவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா அதற்குப் பிறகு அவர் வண்டியில் ஏறவே இல்லை. பெண் மட்டும் ஒவ்வொரு தீபாவளிக்கும் அவருக்குப் பலகாரம் அனுப்புகிறாள்.

எல்லாம் இப்படி நல்லதாக முடியவில்லை. சுவர் பூசும்போது கொட்டாவி விட்ட ஒரு மேசனை, "ஒனக்கு இது ஆகாது" என்று சொல்லித் தொழிலை விட வைத்தார். மேசனுக்கு உண்மையில் முதல்நாள் பல்வலி, தூக்கமில்லை. பாவம், பூ வியாபாரத்தில் இறங்கி ஒரு சீசன் முழுக்க வாடிய மாலையோடு நின்றுவிட்டு மறுபடியும் கரண்டியைத் தேடி எடுத்தார்.

"நீங்க விடுறதப் பாத்துத்தானே அண்ணே மத்தவங்களுக்கும் வருது, அப்பறம் அது எப்படிச் சோதனை ஆகும்?" என்று ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"என்னோடது வெறும் ஸ்டார்ட்டர்மா. வண்டி ஓடுறது அவங்கவங்க என்ஜின்லதான்" என்றார்.

அவருக்கு எது பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை. அவருக்கு எல்லாவற்றுக்கும் கொட்டாவி வந்தது.

இனி என் மகள் தர்ஷினி. பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கிறாள். கட்டாயப் பாடங்கள் முடிந்து, இனிமேல் விரும்பிய பாடம் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும், கடைசி வருட ஆய்வும் அதில்தான் என்றார்கள். திங்கட்கிழமைக்குள் போனில் பதிய வேண்டும். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிற என் வீட்டுக்காரர் தினமும் போன் எடுத்து, "பேங்க் பாடத்தை எடுக்கச் சொல்லு" என்பார். அவள் "சரிப்பா" என்பாள். பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கும் முகம்.

ஞாயிறு காலை நான் ஊக்கு தைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு எது புடிக்கும்னே தெரியலம்மா. புடிக்காத ஒண்ண இழுத்துக்கிட்டுக் கெடக்கிறதுக்கு, இதோட நின்னுரட்டுமா?" என்றாள்.

ஊசி விரலில் ஏறிவிட்டது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை அவள். ஆனால் நான் என்ன சொல்வது? பொருளியல் என்றால் பொருள்களைப் பற்றியது என்ற அளவில்தான் என் அறிவு. அவள் பையைக் கட்டினேன். பகல் பஸ்ஸில் ஏற்றிவிட ஹட்டனுக்குப் போக வேண்டும். வந்து நின்றது கொட்டாவி அண்ணனின் ஓட்டோ.

ஏறும்போதே தர்ஷினிக்கு ஒரு கொட்டாவி வந்தது. அண்ணன் அப்படியே திரும்பிப் பார்த்தார்.

"என்னா பாப்பா, எனக்கு முந்தி நீ விடுற? என் வண்டியில இது நடந்ததே இல்லையே. என்னா வெசயம்?"

எங்களிடம் சொல்லாததை எல்லாம் அவரிடம் கடகடவென்று சொன்னாள். அவர் கண்ணாடியைத் திருப்பினார். பின்னால் வருகிற பஸ்ஸைப் பார்க்க வைத்த கண்ணாடி, அன்றைக்கு என் மகளின் வாயைப் பார்த்தது.

"அப்பாவுக்குப் போனப் போட்டு ஸ்பீக்கர்ல வையி. சோதனைன்னா குடும்பம் பூரா இருக்கணும். இப்ப ஒவ்வொரு பாடமா வாசி."

"பணமும் வங்கியியலும்" என்று அவள் தொடங்கினாள்.

"அதேதான்" என்றது போன். "அத எடு. பேங்க்ல உக்காந்து செய்ற வேலை. ஏசி. வட்டி வீதம், நிலையான வைப்பு, அப்பறம் இந்த..." அங்கே குரல் இழுத்தது. தொடர்ந்து கொழும்பிலிருந்து ஒரு நீளமான கொட்டாவி வந்து ஓட்டோ முழுவதும் நிறைந்தது.

"யாரு மச்சான் அது?" என்றார் அண்ணன்.

"நான்தான். நேத்து லொறியில சாமான் எறக்குனோம். தூக்கமில்ல."

"அதெல்லாம் செல்லாது மச்சான். பேங்க் அவுட்டு. அடுத்தது வாசி பாப்பா."

கணிதப் பொருளியலுக்கு நாங்கள் எல்லோரும் விட்டோம். எதிரே வந்த வேன் டிரைவர் கூட விட்டார். அடுத்தது சுற்றாடல் பொருளியல்.

"சுத்திச் சுத்தி ஆடுறதா? டான்ஸுக்கெல்லாம் டிகிரி குடுக்கிறாங்களா?"

"இல்ல மாமா, காடு, மழை, தண்ணி, இதெல்லாம்."

"அதத்தான் தெனமும் பாக்குறமே" என்று அவர் ஒன்று விட, பின்னாலேயே அவளுக்கும் வந்தது. கடைசியாக ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"ஊழியப் பொருளியல்."

அண்ணன் பிரேக் போட்டார். "ஊழியமா? நம்ம பாஸ்டர் செய்றாரே, அதுவா? அதுக்கு ஜெபம் போதுமே, யுனிவர்சிட்டி எதுக்கு?"

"அந்த ஊழியம் இல்ல மாமா. வேலை. உழைப்பு."

"சரி. அதுல என்னா சொல்லிக் குடுப்பாங்க?"

"ஊழியக் கேள்வி, ஊழிய நிரம்பல்..."

"பாத்தியா, நான் சொன்னது சரி. பாஸ்டருக்கு மொதல்ல கேள்வி வைப்பாங்க. அதுல பாஸாகிட்டா சபை நிரம்பும்."

என் மகள் என்னைப் போல. பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கவும் கூச்சப்படுகிறவள். அன்றைக்கு அவள் சீட்டை விட்டு முன்னால் எம்பி, அவர் தோளுக்குப் பின்னால் வந்துவிட்டாள்.

"இல்லவே இல்ல மாமா. முழுசும் தப்பு. கேள்வின்னா கேக்கிறது இல்ல, வேலைக்கு ஆள் வேணும்கிறது. தேயிலைக் கொழுந்து நெறஞ்சு கெடக்கிற காலத்துல வேலை வாங்குற கண்டாக்கையா லயத்து வாசலுக்கே வந்து அக்கா, தங்கச்சின்னு கூப்பிடுவாரா இல்லையா?"

"கூப்பிடுவாரு. பென்சன் எடுத்தவங்களையும் விட மாட்டாரு."

"கொழுந்து கொறஞ்ச காலத்துல?"

"காலையில பெரட்டுல வேலைக்கு நிக்கிறவங்க மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டாரு."

"அதான் ஊழியக் கேள்வி. தீவாளிக்கு முந்தி எங்கம்மா டெய்லரம்மா. தீவாளி முடிஞ்சா வெறும் கமலா. அதுவும் அதான்."

"அப்ப கண்டாக்கையாதான் பாஸ்டரு?"

"ஐயோ மாமா, பாஸ்டர விடுங்க. ஒங்க ஸ்டாண்ட எடுத்துக்குவோம். எத்தன ஓட்டோ நிக்கிது? ஏற ஆள் எத்தன பேரு? வேலைக்கு வந்து நிக்கிறவங்கதான் நிரம்பல். அது கூடிருச்சு."

அண்ணனின் தோள் நிமிர்ந்தது. "அது ஏன் பாப்பா கூடுச்சு?"

அவள் சொன்னாள். தோட்டத்து வேலையை விட்டு ஏன் இளவட்டங்கள் ஓட்டோவுக்கும் கொழும்புக் கடைகளுக்கும் போகிறார்கள், போனவர்கள் எதற்காகத் திரும்புவார்கள், எதற்காகத் திரும்ப மாட்டார்கள். அவர் தப்பாக ஒன்று கேட்பார். அவளுக்குக் கோபம் வரும். இன்னும் விளக்குவாள். அவர் அதைவிடத் தப்பாக இன்னொன்று கேட்பார். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் என் மகளின் கை இவ்வளவு வேகமாக ஆடி நான் பார்த்ததில்லை.

"சம்பளம் மாறுனா, வேலைக்கு வர்ற ஆளு எவ்வளவு மாறும்னு அளக்குறோம் பாருங்க, அதுக்குப் பேரு நெகிழ்ச்சி" என்று அவள் சொன்னபோதுதான் போன் மெல்லப் பேசியது.

"என்னா அங்க? யாரும் கொட்டாவி விடுற சத்தத்தையே காணமே. லைன் கட்டாயிருச்சா?"

நான் வெளியே பார்த்தேன். ஹட்டனைக் காணவில்லை. பஸ் ஸ்டாண்ட், கடைகள் எல்லாவற்றையும் தாண்டி, வட்டவளைக்கு இறங்குகிற ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். தர்ஷினியின் பஸ் போயிருக்கும்.

அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். முகம் வெளுத்திருந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, ஹட்டன் தாண்டி இவ்வளவு தூரம் வந்துட்டோம். எனக்கு ஒண்ணுகூட வரல. என் கல்யாணத்துல தாலி கட்டுறப்பக்கூட விட்டவன் நான். ஒடம்புக்கு என்னமோ ஆயிருச்சு. பாப்பா சொன்ன அந்த நெகிழ்ச்சிதான் வந்துருச்சு போல. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

"ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல மாமா" என்றாள் தர்ஷினி. "ஒங்களுக்குப் புடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

அவர் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, மூடியிருக்கும் தன் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"புடிச்சா இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார்.

என் மகள், "எனக்கும் ஒண்ணும் வரல மாமா" என்றாள். சொல்லிவிட்டுத் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

போன் தொண்டையைச் செருமியது. "சரி, அப்ப அந்த ஊழியத்தையே எடுக்கட்டும். பாஸ்டர் வேலையும் மரியாதையான வேலைதானே."

மறுநாள் திங்கட்கிழமை. மழை பெய்தது. தர்ஷினி ஊழியப் பொருளியலைப் பதிந்துவிட்டுக் காலை பஸ்ஸில் போனாள். கொட்டாவி அண்ணன் ஸ்டாண்டில் நின்று கேள்வி, நிரம்பல், நெகிழ்ச்சி மூன்றையும் மற்ற டிரைவர்களுக்கு விளக்கினார். எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். அவர் விடவில்லை.