பனிக்குடிலில் டோக்கன் வகுப்பு

நேற்றுக் கற்றவரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள். அவருக்கு உங்களைத் தெரியும், அது போதும். ஒரு விஷயத்தைத் திங்கட்கிழமை கேள்விப்பட்டு, செவ்வாய்க்கிழமை அதில் கையை நனைத்து, புதன்கிழமை காலைக் காப்பிக்குள் அதற்கு ஆசிரியராகிவிடுகிற இனம் அது. வீட்டில் ரொட்டி சுடுவது, முதுகுவலிக்குத் தரையில் படுப்பது, தேனீ வளர்ப்பது என்று எல்லா நிலத்திலும் மேய்ந்துவிட்டு, இப்போது டிஜிட்டல் நாணயங்கள் ஓடுகிற பிளாக்செயினில் வந்து நிற்கிறது.

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் எங்கள் டுலூத் பக்கத்தில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி, வெர்ன் ஹால்வர்சன். குழாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜனவரியில் ஏரி உறைந்ததும் தன் மீன்பிடிக் குடிலை டிரக்கில் கட்டி இழுத்துக்கொண்டு போய் ஏரி நடுவில் நிறுத்திவிடுவார். நான்கு பேர் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்காரக்கூடிய மரப்பெட்டி. பனித்தரையில் தூண்டிலுக்கு இரண்டு துளை, மூலையில் ஒரு காஸ் அடுப்பு. அங்கேதான் வகுப்பு. மாணவர்கள் இருவர்: பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற டுவேன், அப்புறம் நான். நான் ஏன் போனேன் என்று கேட்கிறீர்களா? இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருடம் ஆகியும், எல்லோருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல் போய்விடுமோ என்ற பயம் என்னை விடவில்லை. நேற்றுக் கற்றவர் அந்தப் பயத்தை ஒரு மைல் தள்ளியே மோப்பம் பிடித்துவிடுவார்.

அவருடைய சடங்குகளைக் கவனியுங்கள். முதலில், "இது ஒண்ணுமேயில்லப்பா" என்பார். பிறகு நாற்பது நிமிடம் பேசுவார். உங்கள் போனைத் தொடமாட்டார், "உன் விரலாலயே அமுக்கு" என்பார். நீங்கள் அமுக்கப் போகும்போது "அங்க இல்ல" என்பார். போனில் நாணயம் வைக்கிற வாலட்டைத் திறப்பதற்கான பன்னிரண்டு ரகசியச் சொற்களை நாங்கள் காகிதத்தில் எழுதிக்கொள்ளும் வரை, கண்ணியம் கருதி, மரச்சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார். குளிரில் பேட்டரி செத்துவிடும் என்று தன் போனை மட்டும் அக்குளில் வைத்திருப்பார். வெப்பமானி மாதிரி அவ்வப்போது அதை எடுத்துப் பார்ப்பதும் உண்டு.

பாடம் என்னவோ எளிமைதான். மேல் கட்டத்தில் உங்களிடம் இருப்பது, கீழ்க் கட்டத்தில் உங்களுக்கு வேண்டியது; நடுவில் ஒரு அம்பு. அமுக்கினால் ஒரு டோக்கன் போய் இன்னொன்று வரும். அவ்வளவுதானா? அவ்வளவுதான் என்றால் ஆசிரியர் எதற்கு? ஆகவே வெர்ன் ஒரு கட்டளை வைத்திருந்தார், ஒவ்வொரு வகுப்பும் அதிலேதான் தொடங்கும். அந்த வலையமைப்பில் எதை அசைத்தாலும் கட்டணம் உண்டு. கட்டணத்தை அதன் சொந்த நாணயத்தில் மட்டுமே வாங்கிக்கொள்ளும், வேறு எந்த டோக்கனை மலைபோல் குவித்தாலும் திரும்பிப் பார்க்காது. எனவே சொந்த நாணயத்தில் கொஞ்சத்தை எப்போதும் தொடாமல் விட்டுவை. "'எல்லாம்'னு ஒரு பொத்தான் இருக்கும் பாரு, மிச்சம் வைக்காம மொத்தத்தையும் மாத்திரும்," என்பார் விரலை ஆட்டிக்கொண்டு, "அத முட்டாப்பய மட்டுந்தான் அமுக்குவான்."

டுவேன் இதை மூன்று முறை கேட்டு மூன்று முறையும், "மோசமில்ல" என்றார். மினசோட்டாவில் அது கைதட்டல்.

வெர்ன் சும்மா கற்றுக்கொடுக்கவில்லை, களத்திலும் இருந்தார். அலாஸ்காவில் ஆங்கரேஜ் நகரில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். போய்ப் பக்கத்தில் இருக்க அவர் மனைவி மார்லிஸ் விமான டிக்கெட்டுக்குப் பணம் ஒதுக்கி, எடுத்து வை என்று இவரிடம் கொடுத்திருந்தாள். இவர் அதை நாணயமாக்கி, அந்த நாணயத்தை, விலை ஏறுகிறது என்று கேள்விப்பட்ட ஏதோ ஒரு டோக்கனாக்கி வைத்திருந்தார். சலுகை விலை சனிக்கிழமை மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அதற்குள் திருப்பி மாற்றி, நல்ல இருக்கையாக எடுத்து அவளை அசத்தப் போவதாக எங்களிடம் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை குடிலுக்குள் நுழைந்தபோது வெர்ன் தன் கட்டளையோடு தொடங்கவில்லை. நேற்றுக் கற்றவர் மாணவனிடம் கேள்வி கேட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? புதிதாக நாணயம் வாங்கினால் கையில் வர எத்தனை நாளாகும் என்று டுவேனைப் பார்க்காமல் டுவேனிடம் கேட்டார். ஐந்து நாள் பிடித்து வைப்பார்கள், நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார் டுவேன். வெர்ன் அக்குளிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். மணி நாலேகால்.

பிறகு தொண்டையைச் செருமினார்.

"இன்னிக்குப் புதுப் பாடம். அனுப்புறது. இதுதான் என் வாலட் முகவரி. ஆளுக்கு ரெண்டு டாலர் அளவு நாணயம் இதுக்கு அனுப்புங்க."

"திருப்பி அனுப்புவீங்களா?" என்றார் டுவேன்.

"அது அடுத்த பாடம்."

நான் சரிபார்க்காமல் எதையும் அனுப்புகிறவன் இல்லை. நாற்பத்திரண்டு எழுத்து முகவரியை ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்தேன். முப்பதாவதில் குழம்பி முதலிலிருந்து தொடங்கினேன். வழக்கமாக இந்த இடத்தில் என் ஜாக்கிரதையைப் பாராட்டுகிற வெர்ன் அன்றைக்கு, "சீக்கிரம்ப்பா, மீன் போயிரும்" என்றார். தூண்டில் நீரிலேயே இல்லை. நாலரைக்கு டுவேனுடையது போனது, நாலு முப்பத்தைந்துக்கு என்னுடையது. வெர்ன் சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு திரும்பி நின்றார், இந்த முறை கண்ணியத்துக்காக அல்ல. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. ஒரு நிமிடம் கழித்து ஒவ்வொன்றாக இறங்கின.

அப்போது கதவு திறந்தது. இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் பாத்திரத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு பனியில் நடந்து வந்திருந்தாள் மார்லிஸ்.

"இன்னிக்கு என்ன பாடம்?" என்று டுவேனைக் கேட்டாள்.

"அனுப்புறது."

"காலையில இவன் எனக்கும் அதே பாடந்தான் நடத்தினான். என்கிட்டதான் வாலட்டே இல்ல." பாத்திரத்தை அடுப்பின்மேல் வைத்தாள். "வெர்ன், வீட்டுலயும் ஓயாம சொல்லுவியே, அந்த 'எல்லாம்' பொத்தான நீயே அமுக்கிட்டதானே?"

எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது: ஒரு மலை டோக்கனை வைத்துக்கொண்டு, அதை அசைக்கும் கட்டணத்துக்கு இரண்டு டாலர் அளவு நாணயம் இல்லாமல், காலையிலிருந்து மனிதர் துடித்திருக்கிறார், கேட்பதற்குப் பதில் பாடம் நடத்தியிருக்கிறார்.

"ஒருதடவ அமுக்கிப் பார்த்தாத்தானே மத்தவங்களுக்குச் சொல்ல முடியும்," என்றார் வெர்ன் சுவரிடம்.

நாலு ஐம்பத்தெட்டுக்கு டிக்கெட் கிடைத்தது. டோக்கன் கொஞ்சம் இறங்கியிருந்ததால் விமானத்தில் பெட்டி ஏற்றக் கட்டவேண்டிய காசு கரைந்துவிட்டது; மார்லிஸ் பேரனுக்குப் பின்னிய மூன்று ஸ்வெட்டரையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தன் கோட்டுப் பைகளில் திணித்துக்கொண்டு ஆங்கரேஜ் போனாள். எங்கள் நாணயம் இன்னும் திரும்பவில்லை. அடுத்த பாடம் தள்ளிக்கொண்டே போகிறது.

திங்கட்கிழமை அலுவலகத்தில், பக்கத்து மேசைக்காரி கேட்கவேயில்லை, நானே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "இது ஒண்ணுமேயில்ல" என்று ஆரம்பித்தேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

சிரிக்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு முன்னால் உங்களுக்கு டோக்கன் மாற்றுவதைப் பற்றி எதுவும் தெரியாது. இப்போது, கட்டணத்துக்கு நாணயத்தை மிச்சம் வைக்கவேண்டும், 'எல்லாம்' என்ற பொத்தானை அமுக்கக்கூடாது என்று தெரியும். ராத்திரிச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்காரப் போவது யார்? பாவம், அவர் பெயரைக்கூட நீங்கள் இந்நேரம் முடிவு செய்திருப்பீர்கள்.