ஆவணி பன்னிரண்டு இரண்டு தடவை வந்தது பற்றி

யட்டியாந்தோட்டைக்கு மேலே, றப்பர்த் தோட்டத்தில் நம் லயத்து வரிசை வீடு.

பெருமதிப்புக்குரிய இந்திரகுமார் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் ஷாமிளா கைகூப்பி எழுதுவது. அம்மா, அப்பா, தம்பி மூவரும் சுகம். கொழும்பில் நீங்களும் உங்கள் முதலாளி ஹுஸைன் நானாவும் கடையும் அப்படியே இருக்க வேண்டும். சுகமில்லாதவள் நான் ஒருத்திதான். அதற்கு மருந்து கரவனெல்ல ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. எல்லோரும் தூங்கிய பிறகு கணிதக் கொப்பியின் நடுத்தாளில் எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் தாளைத் திருப்பிவிட்டு ஒரு முக்கோணம் வரைகிறேன். இதுவரை ஒன்பது முக்கோணம் ஆகிவிட்டது. எழுத்து முன்பின்னாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

மாமா, உங்கள் கல்யாணப் பேச்சைக் கெடுத்தது ஜீவராணி அக்கா வீட்டார் அல்ல. நான்தான்.

பங்குனி மாதம் விஞ்ஞான சேர் பள்ளிக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு பொருள் செய்யச் சொன்னார். மற்றப் பிள்ளைகள் எரிமலை செய்தார்கள். நான், பூமி சூரியனைச் சுற்றிவரும் ஒரு வருடத்தை ஒரே வட்டத்தில் காட்டும் நாட்காட்டி செய்கிறேன் என்றேன். சித்திரை முதலாம் திகதியிலிருந்து முள்ளை நாளுக்கொரு கோடு நகர்த்தினால், வருடம் முடியும்போது அது தொடங்கிய இடத்துக்கே வந்துவிட வேண்டும். அப்பா பலகையை வட்டமாக அறுத்துத் தந்தார். நானும் முந்நூற்று அறுபத்தைந்து கோடு போட்டேன். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அப்பாதான், றப்பர் மரத்தில் ஒரு நாள் பால் வெட்டினால் மறுநாள் மரத்துக்கு ஓய்வு, அதனால் வெட்டு நாளுக்குச் சிவப்பும் ஓய்வு நாளுக்கு வெள்ளையும் பூசித் தா என்றார். சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று இரண்டு நாள் உட்கார்ந்து பூசினேன். சுற்றி வந்து சேர்ந்த இடத்தில் சிவப்பும் சிவப்பும் ஒட்டிக்கொண்டு நின்றன. முந்நூற்று அறுபத்தைந்து ஒற்றை எண் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“என்ன புள்ள, ரெண்டு நாள் சேத்து வெட்டச் சொல்ற? மரம் தாங்குமா?” என்றார் அப்பா.

“வருசம் அப்படித்தாங்கப்பா.”

“அப்ப வருசத்த மாத்து. மரத்த மாத்த ஏலாது.”

கொம்பாஸ் பெட்டியைத் திறந்தேன். பாகைமானியில் முந்நூற்று அறுபது தயாராக இருந்தது. இரட்டை எண். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, இருபத்தொன்பது என்று ஆளுக்கொரு விதமாகக் கிடந்த மாதங்களை எல்லாம் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் முப்பது நாள் என்று சமமாக்கிவிட்டேன். மிச்சத்தை வருடக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கண்காட்சியில் சேர், “மிச்சம் அஞ்சு நாள் எங்கம்மா?” என்று கேட்டார். “கீழே வரும் சேர்” என்றேன். எங்கே கீழே என்று அவர் கேட்பதற்குள் பக்கத்து மேசையில் எரிமலை வெடித்துவிட்டது. எனக்கு இரண்டாம் பரிசு தந்தார்கள்.

அப்பா அந்தச் சக்கரத்தைச் சுவரில் மாட்டி, கடையில் தந்த கலண்டரைக் கழற்றி என் புத்தகத்துக்கு உறை போட்டுவிட்டார். தினமும் முள்ளை அவரே நகர்த்துவார். ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் வெள்ளை, வெட்டு நாளைச் சக்கரம் ஒரு தடவைகூடப் பிழையாகச் சொல்லவில்லை. அதனால் அது சொன்ன திகதியையும் அவர் நம்பினார். ஆனால் சித்திரை முதல் ஆடி வரை உள்ள நீள மாதங்களை நான் குறைத்திருந்தேனே, அதனால் ஆவணி வந்தபோது சக்கரம் உலகத்தைவிட ஐந்து நாள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

ஜீவராணி அக்காவின் அப்பா நல்லையா ஐயா இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து போன் எடுத்து, “ஆவணி பன்னெண்டு நல்ல நாளுங்க, மாப்பிள்ள வீடு பாக்க வர்றோம்” என்றார். அப்பா சக்கரத்தைப் பார்த்தார். வெள்ளை. “வாங்க” என்றார். என்ன கிழமை என்று யாரும் கேட்கவில்லை. வெட்டு நாள், ஓய்வு நாள் என்று இரண்டு கிழமைதான் நம் வீட்டில்.

அன்று நடந்தது உங்களுக்கே தெரியும். ஹுஸைன் நானாவிடம் கெஞ்சி லீவு எடுத்து, நீலச் சட்டையோடு பஸ் திரும்பும் வளைவில் காலையிலிருந்து நின்றீர்கள். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு தடவை தலை சீவினீர்கள். ஒரு போன் போட்டுக் கேட்போம் என்று நீங்கள் சொன்னபோது அப்பா, “வர்றவங்களுக்கு வழி தெரியாதா? நாம கேட்டா நல்லாருக்காது” என்றார். பின்னேரம் அம்மா பாயாசத்தை லயம் முழுக்கக் கொடுத்தார். நீங்கள் ஒரு வாய்கூடக் குடிக்காமல், “இனி இந்தப் பேச்சே வேணாம்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

உங்களுக்குச் சொல்லாதது அடுத்தது. ஐந்து நாள் கழித்து அவர்கள் வந்தார்கள் மாமா. ஏழு பேர், தட்டுத் தட்டாகப் பழமும் வெற்றிலையும் கொண்டு. அன்று வெட்டு நாள். அம்மாவும் அப்பாவும் மலையிலிருந்து பால் நாற்றத்தோடு இறங்கி வந்தார்கள்.

“அஞ்சு நாள் பிந்தி வந்து நிக்கிறீங்களே, இது என்னங்க மரியாத?” என்றார் அப்பா.

“இன்னைக்குத்தாங்க ஆவணி பன்னெண்டு” என்று நல்லையா ஐயா போனைக் காட்டினார்.

“போன்ல யாரும் எதையும் போடலாங்க. இது எம்புள்ள கையால செஞ்சது, பரிசு வாங்குனது. இது பொய் சொல்லுமா?” என்று அப்பா சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் பிடித்தார்.

நல்லையா ஐயாவின் தங்கச்சி அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “வருசத்தையே அறுத்துச் சின்னதாக்குன வீடு. இங்க பொண்ணக் குடுத்தா, பத்து மாசத்துல பொறக்க வேண்டிய புள்ள எப்பப் பொறக்கும்?”

ஏழு பேரும் சிரிக்கவில்லை. தட்டுகளைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். நல்லையா ஐயா மட்டும் வாசலில் நின்று, “மாப்பிள்ளையாச்சும் இருந்தா ஒரு வார்த்த கேட்டிருப்பேன். இந்த மாசம் முடியிறதுக்குள்ள வேற எடம் பாக்கத்தான் வேணும்” என்று சொல்லிவிட்டு இறங்கினார். நான் தேத்தண்ணித் தட்டோடு அங்கேதான் நின்றேன். பிழை என்னுடையது என்று ஒரு சொல் போதும். தட்டோடு உள்ளே போய்விட்டேன். அன்றிலிருந்து அப்பா லயத்தில் யாரைக் கண்டாலும், “நாள் தெரியாத ஆளுங்க, எம்புள்ளையோட கலண்டரப் பொய்யிங்கிறாங்க” என்கிறார். அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அதனால் மாமா, ஆவணி முடிவதற்குள் நீங்களே நல்லையா ஐயாவுக்குப் போன் எடுத்து உண்மையைச் சொல்லிவிடுங்கள். என் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம். அப்பாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம், அவர் எல்லோரிடமும் பேசிய பேச்சுக்குப் பிறகு எந்த முகத்தோடு வேலைக்குப் போவார்? இனி என் வாழ்நாளில் வட்டம் வரைய மாட்டேன். உங்களுக்கு நீண்ட ஆயுள் கிடைக்க வேண்டும், அதில் ஒரு நாளும் குறையாமல் ஜீவராணி அக்காவோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் பாவப்பட்ட மருமகள்,
ஷாமிளா.

பின்குறிப்பு: கொப்பியை மூடாமலே தூங்கிப்போனேன், விடிந்துவிட்டது. தபாலில் போடுவதற்கு என் வகுப்பு நூரியா வாசலில் நிற்கிறாள். மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம் மாமா. போனும் எடுக்க வேண்டாம். எழுந்து பார்த்தால் சக்கரத்தில் முள் ஐந்து கோடு பின்னால் நிற்கிறது. நான் தொடவில்லை, அம்மாவும் தொடவில்லையாம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே இரத்தினபுரிப் பக்கம் போய்விட்டார். “இன்னைக்கு வெட்டு இல்லையா?” என்று அம்மா கேட்டதற்கு, “சக்கரத்தப் பாரு, வெள்ளதானே” என்றாராம். நேற்றும் வெள்ளைதான் மாமா, இன்று சிவப்பு வர வேண்டிய நாள். கங்காணி இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போகிறார். இத்தனை வருடத்தில் அப்பா ஒரு வெட்டு நாளையும் விட்டதில்லை.