அமீனா கொண்டுவந்த கல்யாணப் பத்திரிகை

ஐம்பத்திரண்டாவது வயதில் வைத்தியலிங்கம் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இனிமேல் தன்னைப் பார்த்தால் சந்தோஷப்படுகிற மனுஷர்களிடம்தான் வேலை செய்வது.

கேட்டால் சின்ன ஆசைதான். ஆனால் அவர் பார்க்கிற வேலைக்கு அது பேராசை. வைத்தியலிங்கம் கோர்ட் அமீனா. சம்மன் கொடுப்பவர், ஜப்தி நோட்டீஸ் ஒட்டுபவர். திருவையாற்றைச் சுற்றி அவர் ஏறாத வாசற்படி இல்லை. ஏறின படியில் ஒருத்தர்கூட இருபத்தாறு வருஷமாக “வாங்க” என்று சொன்னதும் இல்லை.

அவருடைய டி.வி.எஸ். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டால் போதும், வீடு வீடாக எல்லோரும் வெளியூர் போய்விடுவார்கள். உள்ளே குக்கர் விசில் அடிக்கும். வாசலில் ஆறடி ஆள் ஒருத்தர் நின்றுகொண்டு, “வீட்ல யாரும் இல்லீங்க” என்பார்.

“அப்ப நீங்க யாருங்க?”

“நானும் இல்லீங்க.”

தபால்காரருக்கு மோர் கொடுக்கிறார்கள். சிலிண்டர் போடுகிறவரை “உள்ள வாங்கண்ணே” என்கிறார்கள். கோலமாவு விற்கிறவளை உட்காரவைத்து ஊர்க்கதை கேட்கிறார்கள். நம்ம ஆளுக்கு மட்டும் தாழ்ப்பாள் சத்தம். கதவுக்குப் பின்னால் காபி ஆற்றுகிற சத்தம் கேட்கும், மணம் வரும். அவருக்குக் காபி வேண்டியதில்லை, ஐயா! அந்த “வாங்க” வேண்டும். அதற்கு மனுஷன் ஏங்கிப் போய்க் கிடந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் ஒரு கல்யாண அழைப்பிதழும், பக்கம் மடித்த ஒரு வாரப் பத்திரிகையும் கிடந்தன. அந்தப் பக்கத்தில் ஒரு கட்டுரை: ‘மனநிறைவான தொழிலைத் திட்டமிடுவது எப்படி?’ உங்களுக்கு என்ன தெரியும் என்று எழுதுங்கள். உங்கள் மனசு எதைக் கேட்கிறது என்று எழுதுங்கள். இரண்டும் சேருமிடத்தில் உங்கள் தொழில் இருக்கிறது.

வைத்தியலிங்கம் எழுதினார். தெரிந்தது: யார் வீடு எங்கே, எப்போது போனால் ஆள் அகப்படுவார், பின்வாசல் எந்தப் பக்கம். மனசு கேட்பது: வாங்க.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். துள்ளி எழுந்தார்.

“பிரகதா! கண்டுபிடிச்சிட்டேன்! கல்யாணப் பத்திரிகை!”

அவர் மனைவி பிரகதாம்பாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “யாருக்குங்க கல்யாணம்?”

“யாருக்கா இருந்தா என்ன? சிங்கப்பூர்ல இருக்கான், துபாய்ல இருக்கான். பொண்ணு கல்யாணம் தஞ்சாவூர் மண்டபத்துல. ஆனா சொந்தக்காரன் வீடு வீடா ஏறி, தட்டுல வெச்சுப் பத்திரிகை குடுக்கணுமா இல்லியா? தபால்ல அனுப்பினா, ‘என்னை மதிக்கலை’ம்பான். வாட்ஸப்ல அனுப்பினா அஞ்சு தலைமுறைக்குப் பேசமாட்டான். அவங்களுக்குப் பதிலா நான் போறேன். ‘நேரில் அழைப்பு’ன்னு கம்பெனி. நான் போனா கதவு தொறக்கும், பிரகதா. சிரிச்சுக்கிட்டே தொறக்கும்! விருப்ப ஓய்வுக் கடுதாசிகூட மனசுக்குள்ள எழுதிட்டேன்.”

பிரகதாம்பாள் குதிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவளோ அடுத்த வெண்டைக்காயை எடுத்தாள்.

“நல்ல யோசனைதாங்க. ஆனா கண்டியூர்ல மட்டும் எத்தனை வீடு? எல்லாம் ஞாபகத்துல இருக்குமா?”

“இருக்குமாவா?” ரோஷம் வந்துவிட்டது. இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினார். மூன்று நாள் உட்கார்ந்து கண்டியூர், திருப்பழனம், நடுக்காவேரி என்று அறுநூறு வீட்டை எழுதிக் காட்டினார்.

“சரி. போற நேரம் வீட்ல ஆள் இல்லாட்டி?”

யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்று ஒரு பத்தி சேர்த்தார்.

“அண்ணன் வீட்டுக்கு முன்னாடி தம்பி வீட்டுக்குப் போய்ட்டா சண்டை வருமே?”

எந்தெந்த வீடுகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லை, யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்று சிவப்பு மையில் குறித்தார். அவள் ஒவ்வொரு ஆட்சேபமாகச் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாக முறியடித்தார். பத்தாவது நாள் பிரகதாம்பாள் தோற்றுப்போனாள். வைத்தியலிங்கத்துக்கு அப்படித்தான் தோன்றியது.

“சரிங்க, ஒரே ஒரு கண்டிஷன். ஓய்வுக் கடுதாசியை எழுதி எங்கிட்ட குடுங்க, நான் பத்திரமா வெச்சிருக்கேன். லீவு போட்டு ஒரே ஒரு கல்யாணம் செஞ்சு பாருங்க. ‘வாங்க’ன்னு கூப்பிட்டாங்கன்னா, மறுநாளே நானே கொண்டுபோய்க் கோர்ட்டுல குடுத்துடறேன்.”

என்ன நியாயம் பாருங்கள்! முதல் வாடிக்கையாளரும் உடனே கிடைத்தார். பக்கத்து வீட்டுத் தையல்காரி கமருன்னிஸாவின் கணவர் லியாகத் அலி சிங்கப்பூரில் இருக்கிறார். அவருக்குத் தெரிந்த மதிவாணன் என்ற இன்ஜினியர், மகள் கல்யாணத்துக்கு அறுபது வீட்டில் பத்திரிகை வைக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு வாசலிலும் வீடியோவில் அவர் வந்து, “அவசியம் வந்துடணும்” என்பார். தட்டு நீட்டுவது மட்டும் வைத்தியலிங்கம்.

வைத்தியலிங்கம் பட்டுக்கரை வேஷ்டி கட்டினார். சந்தனம் வைத்தார். தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பத்திரிகை. கண்ணாடி முன்னால் நின்று நாலு தடவை சிரித்துப் பார்த்தார். வருஷக்கணக்கில் பழக்கமில்லாததால் இடது பக்கம் கொஞ்சம் இழுத்தது.

முதல் வீடு மதிவாணனின் பெரியப்பா குஞ்சிதபாதத்துடையது. அவர்மேல் ஒரு வரப்புத் தகராறு வழக்கு ஏற்கெனவே இருந்தது. வண்டி நின்றதும் பின்கதவு திறந்தது.

“அண்ணே, பெரியப்பாவைக் காட்டுங்க” என்றார் வீடியோவில் மதிவாணன்.

“வாழைத்தோப்புக்குள்ள ஓடிக்கிட்டிருக்காருங்க.”

“ஏன் ஓடுறாரு?”

“வழக்கமா ஓடுவாருங்க.”

இரண்டாவது வீட்டில் ஆனந்தவல்லி டீச்சர் கதவைப் பாதி திறந்து தட்டை வாங்கினார். வாங்கினாரே, அதுவே பெரிய விஷயம்! ஆனால் கை பழக்கம் விடுமா? வைத்தியலிங்கம் பேனாவை நீட்டி, “இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா” என்றுவிட்டார்.

“வக்கீலைக் கேக்காம நான் எதுலயும் போடமாட்டேன்” என்று டீச்சர் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது, மதிவாணனின் மச்சினிச்சி வீடு, பூட்டியிருந்தது. வைத்தியலிங்கம் யோசிக்கவே இல்லை. பையிலிருந்து பசையை எடுத்தார். பத்திரிகையைக் கதவில் ஒட்டினார். டீக்கடையிலிருந்து இரண்டு சாட்சிகளைக் கூப்பிட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டார். முடித்தபிறகுதான் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. கிழிக்கப் போனார். அரசாங்கப் பசை, வருமா?

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சேதி பரவிவிட்டது. மதிவாணன் போனில் அலறினார். “அண்ணே! என் மச்சினிச்சி வீட்டை ஜப்தி பண்ணிட்டாங்கன்னு சம்பந்தி வீட்டுக்காரங்க விசாரிக்கிறாங்க! எனக்குப் பத்திரிகையும் வேணாம், ஒண்ணும் வேணாம், ஆளை விடுங்க!”

வைத்தியலிங்கம் கூடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தட்டு மடியில் இருந்தது. குங்குமம் அப்படியே சிந்தாமல் இருந்தது.

“வேஷ்டி புதுசு, தட்டு புதுசு, தொழில் புதுசு. மூஞ்சிதான் பழசு, பிரகதா” என்றார். “மொத ரெண்டு வீட்லயும் படியேறும்போது நெஞ்சு அடிச்சுக்கிச்சு. இப்ப சொல்லுவாங்க, இப்ப சொல்லுவாங்கன்னு.”

பிரகதாம்பாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பிறகு, “தட்டை இப்படிக் குடுங்க” என்றாள். போனை எடுத்தாள். “மதிவாணன் சாருங்களா? தப்பு நடந்துபோச்சுங்க. அந்த ஆளை வேலையை விட்டு எடுத்துட்டோம். நாளைக்கு நானே நேர்ல போறேன்.”

வேலையை விட்டு எடுக்கப்பட்ட ஆள் எதிரிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அவள் சுவரோரம் போய், “கமரு!” என்று ஒரு குரல் கொடுத்தாள். கமருன்னிஸா ஸ்கூட்டியோடு வந்து நின்றாள். ஏற்கெனவே ஹெல்மெட் போட்டிருந்தாள். பிரகதாம்பாள் கையில் வைத்தியலிங்கத்தின் நோட்டு இருந்தது.

மூன்றே நாளில் அறுபது வீடும் முடிந்தது. கதவில் ஒட்டின வீட்டில்கூட உட்கார்ந்து சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டு வந்தாள். ரவிக்கைத் துணி, தேங்காய், கொல்லையில் பறித்த கத்தரிக்காய் என்று பை நிறைய வந்தது. வைத்தியலிங்கம் தினமும் வாசலிலேயே காத்திருப்பார்.

“என்ன சொன்னாங்க?”

“வாங்கன்னாங்க.”

“எப்படிச் சொன்னாங்க?”

“வாயாலதாங்க.”

“ஒரு தடவையா, ரெண்டு தடவையா?”

“வாங்க வாங்கன்னு ரெண்டு தடவை. குஞ்சிதபாதம் வீட்ல மூணு தடவை. ஊஞ்சல்ல உட்காரவெச்சு, காபி குடுத்தாங்க.”

அந்த ஊஞ்சலை அவருக்குத் தெரியும். ஜன்னல் கம்பி வழியாகப் பதினோரு வருஷமாகப் பார்த்துவருகிறார். “ஆடுச்சா?” என்று கேட்டார்.

“ஆடுச்சுங்க.”

பெருமூச்சு விட்டார். வேறு என்ன செய்ய முடியும்?

நான்காம் நாள், தட்டுக்கு அடியில் ஒரு கட்டு விசிட்டிங் கார்டு கண்ணில் பட்டது. ‘நேரில் அழைப்பு. பிரகதாம்பாள் – கமருன்னிஸா.’

“இது எப்ப அடிச்சது?”

“மாசி மாசம்.”

“நான் அந்தக் கட்டுரையைப் படிச்சதே சித்திரையிலதானே?”

“அந்தப் பக்கத்தை மடிச்சு, கூடவே ஒரு கல்யாணப் பத்திரிகையையும் உங்க தட்டுப் பக்கத்துல வெச்சது யாருங்க?”

வைத்தியலிங்கம் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாம் இருந்துச்சுங்க எங்கிட்ட. வண்டி இருந்துச்சு, கமரு இருந்தா, பதினாலு கல்யாணம் சொல்லி வெச்சிருந்தோம். விலாசம்தான் இல்ல. நேராக் கேட்டா, ‘வீட்ல இருக்கிறவளுக்கு ஊர் விலாசம் எதுக்கு’ன்னு கேட்டிருப்பீங்க.”

கேட்டிருப்பார். அவருக்கே தெரியும்.

“அதுக்காக என்னை வெயில்ல விட்டு அடிச்சியே!”

“மொத வாய்ப்பு உங்களுக்குத்தான் குடுத்தேன். கதவு தொறந்திருந்தா சத்தியமா உங்களையே விட்டிருப்பேன்.” அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “நீங்களாவது அந்த வாசல்ல எல்லாம் நின்னீங்க. நான் வாசல்வரைகூடப் போனதில்ல. வருஷா வருஷம் கொலு வைக்கிறேன். முப்பது பேருக்குச் சுண்டல் பண்றேன். யாராவது வந்திருக்காங்களா? அமீனா வீட்டுப் படியேறினா சம்மன் வரும்னு பயம். சுண்டலைத் தூக்கிக் கமரு வீட்ல குடுத்துட்டு, நான் போய்ப் படுத்துப்பேன். ஒரு வீட்டுக்குள்ள போய் ஒரு மணை மேல உட்காரணும்னு எனக்கும்தாங்க ஏக்கமா இருந்துச்சு.”

வைத்தியலிங்கத்துக்கு அந்தச் சுண்டல் ஞாபகம் வந்தது. இத்தனை நவராத்திரியிலும் சாயங்காலம் வந்ததும், “சுண்டல் மிச்சமிருக்கா?” என்றுதான் கேட்டிருக்கிறார். ஏன் மிச்சம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

“உன்னை மட்டும் எப்படி உள்ள விட்டாங்க?” என்றார் மெதுவாக.

“எங்கயும் போகாதவ மூஞ்சி யாருக்குங்க தெரியும்? அமீனா பொண்டாட்டின்னு நான் சொல்லலை.”

“என் ஓய்வுக் கடுதாசி?”

“பத்திரமா இருக்கு. அது அங்கயே இருக்கட்டும். பைபாஸ் பக்கம் புதுசா வந்த காலனி வீடெல்லாம் நோட்டுல இல்லீங்க. திங்கக்கிழமை சம்மன் குடுக்கப் போறப்ப, அப்படியே விலாசம் குறிச்சுட்டு வந்துடுங்க.”

போனார். குறித்துக்கொண்டும் வந்தார். பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளைச் சிவப்பு மையிலும் எழுதிக் கொடுத்தார்.

ஆனியில் கல்யாணம் வந்தது. வாய்க்காலில் புதுத் தண்ணீர் ஓடியது. மதிவாணன் வீட்டார் பிரகதாம்பாளையும் கமருன்னிஸாவையும் குடும்பத்தோடு அழைத்திருந்தார்கள். அமீனா பெண்டாட்டி என்று தெரிந்தால் கதவு சாத்திவிடுமே என்று பிரகதாம்பாள் யோசித்தாள். “நானும் வரேன். ஒரே ஒரு தடவை” என்று வைத்தியலிங்கம் கெஞ்சினார். லியாகத் அலியின் பழைய வேன் கொட்டகையில் சும்மாதான் நின்றது. அதை அவர் ஓட்டினார். பெண்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்து வந்தார்கள்.

மண்டப வாசலில் மதிவாணனின் மனைவி குந்தவை ஓடிவந்தாள். “வாங்கக்கா, வாங்க வாங்க!” என்று பிரகதாம்பாள் கையைப் பிடித்துக்கொண்டாள். “கமரு, நீங்களும் வாங்க!” பன்னீர் தெளித்தார்கள். வைத்தியலிங்கம் இரண்டடி பின்னால் சாவியோடு நின்றார். நெஞ்சு அடித்துக்கொண்டது.

குந்தவை அவரைப் பார்த்தாள். சாவியைப் பார்த்தாள். முகம் நிறையச் சிரித்தாள்.

“டிரைவரா? ஏன் அங்கயே நிக்கிறீங்க? வாங்கண்ணே, உள்ள வாங்க, மொதல்ல சாப்பிடுங்க!”

இருபத்தாறு வருஷம்! அதுவும் இரண்டு தடவை! வைத்தியலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தான் யார் என்று சொல்லலாம். சொன்னால், கொடுத்த “வாங்க”வைத் திருப்பி எடுத்துக்கொண்டுவிடுவாளோ? பந்தியில் குஞ்சிதபாதம் வேறு உட்கார்ந்திருப்பார்.

“ஆமாங்கம்மா, டிரைவர்தான்” என்றார். பன்னீருக்குத் தலையைக் குனிந்துகொடுத்தார்.

பிரகதாம்பாள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லை.

“சீக்கிரம் சாப்பிட்டுட்டு வந்து வண்டியை எடுங்க, டிரைவர். எங்களை இன்னும் ரெண்டு மண்டபத்துல கூப்பிட்டிருக்காங்க.”