மகான் உடைத்த இரண்டு முட்டைகள்

காலை ஆறு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு முட்டை. மஞ்சள் கரு மகான் வந்திருக்கிறார் அல்லவா! அவர் கைரேகை பார்க்க மாட்டார், முகமும் பார்க்க மாட்டார். வீட்டுக் கோழி இட்ட முட்டையை வெள்ளைக் கிண்ணத்தில் உடைப்பார். கரு செக்கச்செவேலென்று இருந்தால் புண்ணிய வீடு. வெளுத்திருந்தால் பாவ வீடு. பரிகாரமாக அந்தக் கோழியை அவருடைய வண்டியில் ஏற்றிவிட வேண்டும். பாவக் கோழிகள் எங்கே போகின்றன என்று யாரும் கேட்கவில்லை. கறிக்கடைக்காரர் மட்டும் அந்த வாரம் முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

மின்மீட்டர் கணக்கெடுக்கும் பெண் கொண்டுவந்த முட்டை வெளுத்துப் போயிருந்தது. வெளுக்காமல் என்ன செய்யும்? மழை என்று ஒரு மாதமாகக் கோழிகளை அடைத்துவைத்து வெறும் நொய்யைப் போட்டிருந்தாள். ஆனால் பக்கத்தில் நின்றவர் தையற்காரம்மா. அவர் மகனைத்தான் இவள் மூன்று வருடமாகக் காதலிக்கிறாள். அடுத்த மாதம் கல்யாணம்.

"இந்த வீட்டுல பொண்ணு எடுத்தா உங்க குடும்பம் விளங்காது," என்றார் மகான்.

தையற்காரம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று. "கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்மா."

பெண் மகானின் பக்கம் திரும்பினாள். "வேற வழியே இல்லையா ஐயா?"

மகான் இரக்கப்பட்டார். அவருடைய இரக்கத்தின் விலை மூன்று கோழி. "என் புனிதக் கோழி பதினஞ்சு நாள் உங்க வீட்டுல தங்கட்டும். அதோட காத்து பட்டா பாவம் கழியும். இந்தப் பையில இருக்கறதத்தான் அதுக்குப் போடணும். கண்ணை மூடிக்கிட்டு அள்ளிப் போடணும்."

யாரிடம் சொல்கிறார் பாருங்கள். வீட்டுக்காரர் என்ன கதை அளந்தாலும் மீட்டரை எட்டிப் பார்த்தே எழுதுகிறவளிடம். வீட்டுக்குப் போனதும் பையைக் கொட்டினாள். காய்ந்த செண்டுமல்லி இதழ், மிளகாய்த் தோல், உடைத்த மக்காச்சோளம். எல்லாம் கருவைச் சிவக்கவைக்கிற தீனி. தெய்வம் மட்டும் எங்கும் அகப்படவில்லை. தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அன்று முதல் பைத் தீனி அவள் கோழிகளுக்கு; கூடவே கொல்லைக் கீரையும் வெயிலும். தனிக் கூண்டில் இருந்த புனிதக் கோழிக்கு வெறும் நொய். அது ஒரு சாபமும் விடாமல் தின்றது. தையற்காரம்மா தினமும் அதைத் தரிசிக்க வந்தார்.

"அத்தை, முட்டைங்களை நீங்களே எடுத்து அடையாளம் போட்டுடுங்க."

துணியில் கோடு போடும் நீலச் சாக்கால், புனிதக் கோழியின் முட்டைக்கு வட்டமும் மற்றவற்றுக்குப் பெருக்கல் குறியும் போட்டார்.

பதினாறாம் நாள், கூட்டத்தின் நடுவே அவள் கோழிக்கொன்றாக இரண்டு முட்டைகளை மகானிடம் நீட்டினாள். "எது எந்தக் கோழியோடதுன்னு நான் சொல்லல. நீங்களே பார்த்துச் சொல்லுங்க ஐயா."

பெருக்கல் முட்டை உடைந்தது; கரு பழுத்த மிளகாய் நிறம். "இது என் கோழி," என்று மகான் சிரித்தார். வட்ட முட்டை உடைந்தது. கரு வெளுத்துக் கிடந்தது. தையற்காரம்மா வாயைத் திறந்தார். பெண் அவர் கையை அழுத்தினாள்.

"பரிகாரத்துக்கும் அடங்காத பாவம்," என்று மகான் கர்ஜித்தார். "பொய் சொல்லிப் பிழைக்கிற வீடு. ஊரான் கோழியைத் தின்னே வளர்ந்த வயிறு."

"ஐயா, அந்த வட்டம் நான் போட்டது," என்றார் தையற்காரம்மா. "அது உங்க கோழி இட்ட முட்டை."

ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது வரிசை முழுக்கத் தொற்றிக்கொண்டது.

"அந்த வீட்டுப் பாவத்தை என் கோழி உறிஞ்சிடுச்சு," என்று மகான் தடுமாறினார்.

"அது உறிஞ்சினது என் நொய்யை. உங்க பையை என் கோழிங்க தின்னுச்சு." மிச்சத் தீனியைக் கூட்டத்தின் முன்னால் கொட்டினாள். "சந்தேகம் இருக்கறவங்க கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க. ரெண்டே வாரத்துல உங்க வீடும் புண்ணிய வீடு."

மகானின் வண்டிக் கதவை யாரோ திறந்துவிட்டார்கள். தெருவெல்லாம் கோழி, கோழிக்குப் பின்னால் மனிதர்கள், எல்லோருக்கும் முன்னால் மகான், செருப்பில்லாமல்.

தையற்காரம்மா அளவு நாடாவை உருவினார். "நில்லும்மா. கல்யாணத் துணிக்கு அளவெடுக்கணும். தேதியெல்லாம் மாறல."

கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் கவலையோடு கேட்டார்: "அப்போ இனிமே நாங்க எந்த மகான்கிட்ட போறது?"

பெண் அவருடைய கோழியைக் காட்டினாள்.

"அதுகூடக் காலால கிளறிப் பார்த்துட்டுத்தான் கொத்துது. நீங்க ஏங்க அப்படியே முழுங்கறீங்க?"