மாட்டு மணிப் பள்ளிக்கூடம்

எங்கள் பரம்பரையில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை நானாக யாரிடமும் சொல்வதில்லை. கூடத்தில் நுழைந்ததும் எதிரே கண்ணாடிச் சட்டத்துக்குள் என் பட்டம் தொங்குகிறது. அதுவே சொல்லிவிடும். வந்தவர் அதைக் கவனிக்காமல் உட்கார்ந்துவிட்டால், வேறு வழியில்லாமல் நான் சொல்வேன்.

என் மனைவியும் பட்டதாரிதான். ஆனால் அவள் வீட்டில் அப்பா, அம்மா, அத்தை, சித்தப்பா எல்லோரும் பட்டதாரிகள். அவளுடைய பட்டத்தை ஒரு முறை தேடினேன். விதை டப்பாவுக்கு அடியில் கிடந்தது. டப்பாவில் ஈரம் ஏறாமல் இருக்கப் போட்டிருக்கிறாளாம். பரம்பரைப் பணக்காரர்கள் இப்படித்தான்.

எங்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளை 'ஜட்ஜ்' என்போம். வீட்டில் எந்த வழக்கு வந்தாலும் தீர்ப்பு அவளுடையது. பெரும்பாலும் எனக்கு எதிரானது. சின்னவளை 'ஏன்' என்போம். "ஏன்!" என்று கூப்பிட்டால், "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே வருவாள். இருவரும் பள்ளிக்கூடம் போவதில்லை. ஊர்க் கோடியைத் தாண்டி, தார் ரோடு முடிந்து, மண் ரோடும் முடிந்த இடத்தில் எங்கள் பண்ணை. ஒரு கறவை மாடு, அதன் கன்று, கொஞ்சம் ஆடு, நிறையக் கோழி, காய்கறித் தோட்டம். பிள்ளைகளுக்குப் படிப்பெல்லாம் வீட்டில்தான். அம்மாதான் ஆசிரியை. வகுப்பறை என்று ஒன்று கிடையாது. கணக்கு கோழிக் கூண்டில் நடக்கும். அறிவியல் பாத்தியில் நடக்கும். கதைப் புத்தகம் வைக்கோல் போரின் மேல் நடக்கும்.

நான் நிர்வாகம். பால் வேண்டும் என்று யாராவது போன் செய்தால் "ஹலோ" சொல்வது நான். கறப்பது மனைவியும் பிள்ளைகளும். மாட்டுக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் ஒரு வேலி இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். பின்னங்காலை அது எப்போது தூக்கும் என்று நான் படித்த எந்தப் பாடத்திலும் வரவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கல்வி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வழக்கம் போல "ஹலோ" சொன்னேன். அடுத்த வாரம் அதிகாரி வருவாராம். பிள்ளைகளைச் சோதித்துப் பார்ப்பாராம். திருப்தி இல்லையென்றால் வரும் கல்வியாண்டில் இருவரையும் டவுன் பள்ளிக்கூட விடுதியில் சேர்க்க வேண்டுமாம்.

நான் விடுதியில் தங்கிப் படித்தவன். இரும்புக் கட்டில், இரும்புத் தட்டு, தூக்கம் வராமல் எண்ணிய உத்தரக் கட்டைகள். என் பிள்ளைகள் அங்கே படுப்பதை நினைக்கவே முடியவில்லை. அன்றைக்கே சபதம் எடுத்தேன்.

"இந்த வீடு நாளையிலிருந்து பள்ளிக்கூடம்!" என்றேன்.

மனைவி அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். "இத்தனை நாளா என்னவாம்?"

"இத்தனை நாளா இது பண்ணை. அதிகாரி வந்து பார்த்தா என்ன நினைப்பாங்க? ஒருத்தி கையில சாணி, ஒருத்தி தலையில வைக்கோல். பெஞ்சு வேணும், கரும்பலகை வேணும், மணி வேணும், டைம்டேபிள் வேணும். நான்தான் ஹெட்மாஸ்டர்."

"சரிங்க."

என்னைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து அவள் ஒரே வார்த்தையில் "சரிங்க" சொன்னது அன்றைக்குத்தான். நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

"உனக்கு இதுல வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு என்ன வருத்தம்? எனக்கு இருக்கிறது ஒரே ஆசை. ஒரு நாளாவது சூரியன் எனக்கு முன்னாடி எழுந்திருக்கணும். இங்க வந்த நாளிலிருந்து நான்தான் அதை எழுப்பிவிட்டுக்கிட்டு இருக்கேன்."

பெண்கள் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் எதையாவது பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தீவன அறையைக் காலி செய்தேன். பலகைக்குக் கறுப்பு அடித்தேன். மணிக்கு எங்கே போவது? மாட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த மணி ஒன்று உபரியாக இருந்தது. அதை உத்தரத்தில் கட்டினேன். மறுநாள் காலை முதல் மணி அடித்ததும் வகுப்புக்கு முதலில் வந்தது மாடு. பிள்ளைகள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள்.

கேள்வியும் நானே, பதிலும் நானே தயாரித்தேன். நான் பரீட்சைகளைக் கடந்து வந்ததே அப்படித்தான். எது வரும் என்று தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் படித்துவிடுவேன். பதில் தெரியாத கேள்விக்கு முன்னால் நிற்பது எனக்கு இன்றைக்கும் கெட்ட கனவு. ஜட்ஜ் பின்னத்துக்கு இலக்கணம் ஒப்பித்தாள். சின்னவள் சூரியக் குடும்பத்தை ஒப்பித்துவிட்டு, "ஏன்?" என்றாள். "அதெல்லாம் கேட்கக் கூடாது" என்றேன்.

"ஒரு ஒத்திகை பார்த்துடலாமே," என்றாள் மனைவி. "நான் ஆபீசர்."

என் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். பிள்ளைகளைக் கேட்டாள். மடமடவென்று ஒப்பித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆபீசர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஹெட்மாஸ்டர் சார், பால் எப்படிக் கறக்கணும்?"

"அது பாடத்துல இல்லீங்க."

"உங்க பள்ளிக்கூட வாசல்ல மாடு நிக்குது. என் கண்ணுல முதல்ல படறதே அதுதான். கேட்க மாட்டேனா?"

"ஏய், விளையாடாதே."

"விளையாட்டா? ஆபீசர் வந்து உங்களையே கேட்டா?" என்று கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கத்திரிச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டாள்.

அவ்வளவுதான். அன்று முழுவதும் அந்தக் கேள்வி என் காதுக்குள் மணி அடித்தது. உங்களையே கேட்டா? உங்களையே கேட்டா?

விடியற்காலைப் பால் மனைவி கறப்பது, மாலைப் பால் எப்போதும் பிள்ளைகள் கறப்பதுதான். மனைவி அந்த நேரம் தோட்டத்தில் இருப்பாள். அவளுக்குத் தெரியாமல் கற்றுக்கொண்டு, அதிகாரி முன்னால் அசத்தி, அவள் மூக்கின் மேல் விரல் வைக்கும்படி செய்துவிட வேண்டும் என்று திட்டம் போட்டேன். பிள்ளைகளிடம் ரகசியமாகப் பேசினேன்.

"அம்மாகிட்ட மூச்சு விடக் கூடாது."

ஜட்ஜ் தங்கையைப் பார்த்தாள். தங்கை அக்காவைப் பார்த்தாள். "நாங்க சொல்ல மாட்டோம்பா," என்றாள் ஜட்ஜ். "ஆனா வகுப்புன்னா வகுப்பு மாதிரி இருக்கணும். கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க."

"எதுக்கும்மா?"

"எதிர்த்துப் பேசக் கூடாது. பதில் தெரிஞ்சா கையைத் தூக்கணும். இதெல்லாம் நீங்க சொன்ன விதிதானே?"

முதல் நாள், மாடு என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். கல்லூரியில் முதல் நாள் இங்கிலீஷ் பேராசிரியர் என்னை அப்படித்தான் பார்த்தார். எவ்வளவு இழுத்தும் ஒரு சொட்டு வரவில்லை.

"இழுக்கக் கூடாதுப்பா. மேல பிடிச்சு, விரலை ஒவ்வொண்ணா மூடணும். கட்டை விரலை மடக்காதீங்க, அதுக்கு வலிக்கும்."

"சாரி," என்றேன்.

"அப்பா ஏன் மாட்டுக்கிட்ட சாரி சொல்றாரு?" என்றாள் ஏன்.

அடுத்த நாள் மாடு வாளியை உதைத்தது. அதற்கடுத்த நாள் என்னை உதைத்தது. "முன்னேற்றம்தான்," என்றாள் ஜட்ஜ். "இப்பதான் உங்களை ஒரு ஆளா மதிக்குது." நொண்டிக்கொண்டே கூடத்துக்குப் போனால், மனைவி, "என்னங்க ஆச்சு?" என்றாள். "டைம்டேபிள் ஒட்டும்போது ஸ்டூல் சாஞ்சிடுச்சு," என்றேன். "பார்த்துங்க," என்றாள். ரொம்ப அக்கறையாகத்தான் சொன்னாள்.

பிறகு ஒரு மாலை அது நடந்தது. கன்றை முதலில் ஊட்டவிட்டு, மடியைக் கழுவி, விரல்களை ஒவ்வொன்றாக மூடினேன். வாளியின் அடியில் "சர்ர்" என்று ஒரு சத்தம். என் கையால் வந்த சத்தம். பல்கலைக்கழகத்தில் என் பெயரைக் கூப்பிட்டபோதுகூட எனக்கு இப்படி உடம்பு சிலிர்க்கவில்லை. பிள்ளைகள் இருவரும் கைதட்டினார்கள். மாடு அசைபோட்டது.

அதிகாரி வரும் நாள். காலையிலேயே குளித்து, டை கட்டி, மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதியம் வரை யாரும் வரவில்லை. வெயில் சாய்ந்த பிறகுதான் ஜீப் வந்தது. நடுத்தர வயது அம்மையார். சிரிப்பதற்கு அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும் போன்ற முகம்.

"காலையிலிருந்து காத்திருக்கோம் மேடம்."

"உங்க வீட்டம்மாதான் போன்ல சாயங்காலம் வரச் சொன்னாங்க."

திரும்பிப் பார்த்தேன். மனைவி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தேன். மாடு வந்தது. துரத்தினேன். பிள்ளைகள் ஒப்பித்தார்கள். "ஒரு முழுமையின் சம பாகங்களில் சிலவற்றைக் குறிப்பது பின்னம்," என்றாள் ஜட்ஜ். அதிகாரி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். கொட்டாவி. இரும்புக் கட்டில்கள் கண்ணுக்குள் வரிசையாக வந்து நின்றன.

"இதெல்லாம் என் புத்தகத்துலயும் இருக்கும்மா," என்றார் அதிகாரி. "நீங்களா என்ன செஞ்சீங்க? அதைச் சொல்லுங்க."

நான் தயாரித்த பதில்களில் இது இல்லை. சுவரில் ஒட்டியிருந்த டைம்டேபிளைப் பார்த்தேன், அதிலும் இல்லை. ஜட்ஜ் எழுந்தாள்.

"ஒரு மாணவரைத் தேத்தி இருக்கோம் மேடம்."

"மாணவரா?"

"அம்மா கொடுத்த பாடம். ஒண்ணுமே தெரியாத ஒருத்தரைப் பிடிச்சு, அவர் தானா செய்யற வரைக்கும் சொல்லிக் கொடுக்கணும். நமக்கு நல்லாத் தெரிஞ்சாதான் இன்னொருத்தருக்குப் புரிய வைக்க முடியுமாம்."

"யாரு அந்த மாணவர்?"

இரண்டு விரல்கள் என்னை நோக்கி நீண்டன.

"ஏன் இவரு?" என்றார் அதிகாரி.

தன்னைக் கூப்பிட்டதாக நினைத்துச் சின்னவள் எழுந்தாள். "நாங்க எல்லா இடத்துலயும் தேடிப் பார்த்தோம் மேடம். இவரைவிட ஒண்ணும் தெரியாதவர் கிடைக்கல."

அதிகாரிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தார். "வாங்க, பார்க்கலாம்."

டையோடு தொழுவத்தில் உட்கார்ந்தேன். ஜட்ஜ் டையை எடுத்து என் தோளுக்குப் பின்னால் போட்டாள். இல்லாவிட்டால் மாடு தின்றிருக்கும்.

"முதல்ல வர்ற பாலைத் தனிக் கிண்ணத்துல பீச்சறீங்களே, எதுக்கு?" என்றார் அதிகாரி.

நான் கையைத் தூக்கினேன். பழக்கம். "மடியில நோய் இருந்தா பால் திரிதிரியா வரும் மேடம். பார்த்துட்டுத்தான் வாளியில விடணும்."

ஜட்ஜின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கியதைப் பார்க்கிற தாய் மாதிரி இருந்தாள். கன்று ஊட்டினால்தான் பால் இறங்கும், மாடு பயந்தால் நின்றுவிடும், அது ஏன் என்று சின்னவள் அதிகாரிக்கே பாடம் எடுத்தாள். "நாலு காம்புல ஒண்ணு கன்னுக்குட்டிக்கு விட்டுடுவோம்," என்றாள் ஜட்ஜ். "அதுக்குக் கால், நமக்கு முக்கால். பின்னம் மேடம்." ஒப்பித்தபோது வராத வெளிச்சம் அவள் கண்ணில் இருந்தது. இதில் ஒரு வரியைக்கூட நான் எழுதிக் கொடுக்கவில்லை. வாளிக்கு மேல் குனிந்துகொண்டேன். கண் கரித்தது. சாணி வாடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அடுத்த வருஷமும் வீட்டிலேயே படிக்கட்டும்," என்றார் அதிகாரி, ஜீப்பில் ஏறும்போது. "பிள்ளைங்க பிரமாதம். அந்த மாணவரும் தேறிட்டார்."

ஜீப் போன பிறகு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டேன். "அம்மாகிட்ட சொல்ல மாட்டோம்னு சொன்னீங்களே?"

"நாங்க சொல்லலையே," என்றாள் ஜட்ஜ். "அம்மாதான் எங்ககிட்ட சொன்னாங்க. நீங்க சபதம் போட்ட அன்னிக்கே. 'பொறுமையா இருங்க, உங்கப்பா தானா வந்து கேட்பாரு'ன்னு."

அன்றிரவு மார்பை நிமிர்த்திக்கொண்டு படுத்தேன். இப்படிப்பட்ட பிள்ளைகள் யாருக்கு வாய்க்கும்? இப்படிப்பட்ட மனைவிதான் யாருக்கு வாய்ப்பாள்? போர்வையை இழுத்து மூடி, சுகமாகத் தூங்கினேன்.

கிழக்கு வெளுக்கும் முன் விலாவில் ஏதோ சில்லென்று இடித்தது. பால் வாளி. பக்கத்துப் போர்வைக்குள்ளிருந்து ஒரு கை அதைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"என்ன இது?"

"படிப்பு முடிஞ்சுது இல்ல? வேலைக்குப் போங்க."

"நான் இன்னும் மேல படிக்கலாம்னு..."

"மேற்படிப்பு சாணி அள்றது. அது சாயங்காலம்." போர்வை திரும்பிப் படுத்துக்கொண்டது. "கதவைச் சத்தம் போடாம சாத்துங்க. சூரியன் வந்தா எழுப்புங்க."

வாளியோடு தொழுவத்துக்கு நடந்தேன். எங்கள் பரம்பரையிலேயே தேறிய மறுநாளே வேலை கிடைத்த முதல் ஆளும் நான்தான்.